நாற்பத்தேழாம் பக்கத்து ஜெயராஜ்

அந்த அம்மாள் ரிசீவரை எடுப்பதற்கு முன்பே ரூபாய்க் காசைப் போட்டுவிட்டார். காசு பெட்டிக்குள் கடகடவென்று உருண்டு, கீழே இருந்த குழியில் வந்து விழுந்தது. மறுபடி போட்டார். மறுபடி விழுந்தது. மூன்றடி தள்ளி, போன் பேசத் தன் முறைக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றிருந்த ஜெயராஜ், சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார்.

"காலைலர்ந்து இது நாலாவது சார்," என்றார் என்னிடம். "பத்து பேர்ல நாலு பேரு காசை முதல்ல போட்டுடறாங்க. அவங்க மேல தப்பில்ல. காசு போடற ஓட்டை மேல இருக்குது, ரிசீவர் கீழ இருக்குது. கண்ணு மேலர்ந்துதான கீழ வரும்? கைய எப்படி நிறுத்தறது?"

பெங்களூர் சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் இருக்கும் அந்த ஒரு ரூபாய் போனில் எப்படிப் பேசுவது என்று பெட்டியின் பக்கவாட்டில் நான்கு வரி அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். யாரும் படிப்பதில்லை. ஏன் படிப்பதில்லை என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை ஜெயராஜுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டார். பெண்கள் போன் பேசும் இடத்தில் ஒரு ஆள் தினமும் நிற்கிறான் என்று யாரோ சொல்லி, ஒரு நாள் கான்ஸ்டபிள் கிருஷ்ணப்பா வந்துவிட்டார். "ஏனப்பா, இல்லேன் கெல்ச நிங்கெ?" என்று லத்தியைத் தட்டிக்கொண்டே கேட்டார். இங்கே உனக்கு என்ன வேலை என்ற அந்தக் கேள்விக்கு ஜெயராஜ் கன்னடத்திலேயே விளக்கம் சொல்லி, கடைசியில் ஒரு ரூபாயை அவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே பண்ணிப் பாருங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். கிருஷ்ணப்பாவும் காசைத்தான் முதலில் போட்டார். அன்றைய டிக்கெட்டில் ஒரு கோடு கூடியது.

ஜெயராஜ் ஒரு டெக்னிக்கல் ரைட்டர். அதாவது, மிக்ஸி வாங்கினால் கூடவே ஒரு புத்தகம் வருமே, நாம் பிரிக்காமல் பரணில் போடுவோமே, அந்த மாதிரிப் புத்தகங்களை எழுதுகிறவர். எழுதியவர் என்று சொல்ல வேண்டும். நான் சொல்லும் இந்த 2002ஆம் வருஷ மே மாதத்தில் அவருக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. பிரேசர் டவுனில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப் போர்ஷனில் அவரும் மனைவி குளோரியாவும் இருக்கிறார்கள். வயது முப்பத்தெட்டு. ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர், ஒரு பென்சில். அவர் உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஒரு டீயைப் பாதிப் பாதியாகப் பை-டூ சொன்னால், என் பாதி டீ ஆறுவதற்குள் அவர் தன் பாதியை முடித்துவிட்டு, கடைக்காரரின் ஸ்டவ்வில் பம்ப் ஏன் இறங்குகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். பேசும்போது நடப்பார். நான் மாடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போது, கீழே அவருடைய செருப்புச் சத்தம் முன் கதவுக்கும் பின் கதவுக்கும் போய்வருவது கேட்கும். குளோரியா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, தரை தேயுது" என்பார்.

பிறந்து வளர்ந்தது நீலசந்திரா. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு, பீன்யாவில் ஆஸ்பத்திரி இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். ஆபரேஷன் கத்தி, கத்தரிகளை நீராவியில் வைத்துச் சுத்தம் செய்கிற, பீரோ உயரத்துக்கு ஒரு இயந்திரம்; ஸ்டெரிலைசர் என்பார்கள். அது வேலை செய்யவில்லை என்று ஆஸ்பத்திரிகளிலிருந்து போன் வந்தால் அவரைத்தான் பஸ் ஏற்றி அனுப்புவார்கள். போய்ப் பார்த்தால் பாதி இடத்தில் இயந்திரம் நன்றாகவே இருக்கும். "மெஷின் சரியா இருக்கு சார், புக்குதான் ரிப்பேரு" என்று திரும்பி வந்து மேனேஜரிடம் சொல்வார். அந்தப் புத்தகத்தை எழுதியவர் இயந்திரத்தைக் கண்ணால் பார்க்காதவர். ஜெயராஜ் ஒரு அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிய எழுத்தில் ஒன்பது வரி எழுதி, கம்பி கட்டி இயந்திரத்தின் மேலேயே தொங்கவிட்டுவிட்டு வந்தார். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி போன் வரவில்லை. அட்டைகள் பெருகின. தொண்ணூற்றைந்தில் வெளிநாட்டு ஆர்டர் வந்தபோது, அட்டை எழுதுகிற ஃபிட்டரைக் கூப்பிட்டு மேஜையும் கம்ப்யூட்டரும் கொடுத்துவிட்டார்கள். தபால் வழியில் ஆங்கில பி.ஏ. எழுதினார். பேச்சில் ஆங்கிலம் இன்றைக்கும் தடுக்கும், எழுத்தில் தடுக்காது. ஒரு வரிக்கு ஒரு வேலை, ஒரு வேலைக்கு ஒரு வினைச்சொல், அவ்வளவுதான் அவருடைய ஆங்கிலம்.

அவர் வேலை செய்யும் முறை, அவர் சொல்லியும் பக்கத்தில் இருந்து பார்த்தும் எனக்குத் தெரியும். முதலில் இன்ஜினியர்களிடம் போய் எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி கேள்வி கேட்பார். இந்தப் பட்டனை அழுத்தாமல் விட்டால் என்ன ஆகும்? இரண்டு தரம் அழுத்தினால்? கரண்ட் போன பிறகு அழுத்தினால்? அவர்கள் சிரிப்பார்கள். "சிரிச்சா பர்வாகில்ல சார். முட்டாள் கேள்வி கேக்கறதுக்குதான் எனக்கு சம்பளமே குடுத்தாங்க" என்பார். அப்புறம் எழுதுவார். எழுதி முடித்ததும் விஷயம் தெரியாத ஒருவரைப் பிடித்து வந்து, இயந்திரத்தின் முன்னால் நிறுத்தி, தாளைக் கையில் கொடுத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்வார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். படிப்பவரின் விரல் எந்த வரியில் தயங்கி நிற்கிறதோ அந்த வரி தப்பு. குளோரியா புது ரைஸ் குக்கரில் முதல் சோறு வைத்த அன்று இப்படிப் பின்னால் நின்று கோடு போட்டிருக்கிறார். சோறு குழைந்துவிட்டது. குளோரியா சிரிக்கவில்லை.

இவ்வளவு கெட்டிக்காரருக்கு எட்டு மாதமாக ஏன் வேலை இல்லை என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ஆர்டர் நின்றுபோனதில் இங்கே பெங்களூரில் ஒவ்வொரு கம்பெனியும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை பேப்பரில் ஒரு டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்கு விளம்பரம் வந்தால் நாற்பது பேர் வந்து உட்காருகிறார்கள். கான்வென்ட் ஆங்கிலம் பேசும் பெண்கள், வேலை போன இன்ஜினியர்கள், கலிபோர்னியாவிலிருந்து பெட்டியோடு திரும்பியவர்கள். அந்த சாஃப்ட்வேர் தெரியும், இந்த சாஃப்ட்வேர் தெரியும் என்று ஆளுக்கு ஐந்து சர்டிபிகேட். ஜெயராஜும் சளைக்கவில்லை. பிரௌசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து இரண்டு சாஃப்ட்வேரைத் தானாகவே கற்றுக்கொண்டார். ஆனால் அவருடைய பயோடேட்டாவின் முதல் வரி, "எனக்கு இயந்திரத்தைக் கழற்றத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் இருக்கும். குளோரியா பள்ளிக்கூட டீச்சர். அந்த வரியை அடித்துவிட்டு, மற்ற எல்லோரும் எழுதுவதுபோல அழகாக ஒன்று எழுதிக் கொடுத்தார். பிரிண்ட் எடுக்கப் போன இடத்தில் ஜெயராஜ் பழைய வரியைத் திரும்பப் போட்டுவிட்டு வந்தார்.

வேலை கிடைக்காமல் போனது அந்த வரியால் இல்லை. உண்மையில், அந்த வரியைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். ஐந்து இடத்தில் கூப்பிட்டார்கள். ஐந்து இடத்திலும் தேர்வு நன்றாக எழுதினார். ஐந்து இடத்திலும் கடைசியில் அந்தக் கேள்வி வந்தது: பழைய கம்பெனியை ஏன் விட்டீர்கள்? இவர் பையைத் திறந்து நாற்பத்தேழாம் பக்கத்தை எடுத்து வைத்துவிடுவார்.

அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2000இல் புது மாடல் ஸ்டெரிலைசருக்கு அவர் எழுதிய புத்தகம் அது. கதவின் லீவரைத் திறப்பதற்கு முன்னால் பிரஷர் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் நீராவி முகத்திலோ கையிலோ அடிக்கும். இதைக் கட்டம் கட்டி, லீவரைத் திறக்கச் சொல்லும் வரிக்கு மேலேயே ஜெயராஜ் எழுதியிருந்தார். பக்கம் வடிவமைத்தவர், கட்டம் அந்த இடத்தில் அடங்கவில்லை என்று அதைத் தூக்கி அடுத்த பக்கத்தின் தலையில் வைத்துவிட்டார். நாற்பத்தேழாம் பக்கத்தின் கடைசி வரி: லீவரைத் திறக்கவும். தாளைப் புரட்டினால் நாற்பத்தெட்டின் முதல் வரி: எச்சரிக்கை. அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் எழுதியவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். ஜெயராஜ் பார்த்தார். ஒரு நாள் முழுக்க, கடைசி வார்த்தையிலிருந்து முதல் வார்த்தை வரைக்கும்கூட ஒரு தரம் படித்தார்.

"பதினோரு தப்பு கண்டுபிடிச்சேன் சார்," என்று ஒரு நாள் மொட்டை மாடியில் நடந்துகொண்டே சொன்னார். "பதினொண்ணும் எழுத்துல. பன்னெண்டாவது எழுத்துல இல்ல. அது எடத்துல இருந்தது. நான் எழுத்தை மட்டும் பாத்தேன்."

ஓசூர் ரோட்டைத் தாண்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் புத்தகத்தை உரக்கப் படிக்க, ஆயா முத்தம்மா ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறார். நர்ஸ், "லீவரைத் திற" என்றார். முத்தம்மா திறந்தார். நர்ஸ் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். வலது கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும்.

சேதி கேட்டு ஜெயராஜ் பஸ் பிடித்துப் போனார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முத்தம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாராம். "இவருதாம்மா அந்த புக்கு எழுதனவரு" என்று நர்ஸ் சொன்னதும், அந்த அம்மாள் எழுந்து நிற்கப் பார்த்திருக்கிறார். "தப்பு என்னுதுதான் சாமி. நாந்தான் அவசரப்பட்டுட்டேன். மெஷினுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டிருக்கிறார். இதைச் சொல்லும்போது ஜெயராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ஒரு எழுத்தாளன்தான். முப்பது வருஷமாகப் பத்திரிகைகளில் எழுதுகிறேன். என் எழுத்தைப் படித்து இதுவரை யாருக்கும் கை வெந்ததில்லை. அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது என்றால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கம்பெனி, அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம் என்றது. முப்பத்தோரு ஆஸ்பத்திரிகளில் அந்தப் புத்தகம் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. ஜெயராஜ் காட்டன்பேட்டையில் ஒரு அச்சகத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் அடித்தார். சனிக்கிழமை தோறும் கோலார், தும்கூர், ராமநகர் என்று பஸ் ஏறி, லீவர் வரிக்கு மேலே ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டு வந்தார். முப்பத்தொன்றும் முடிந்தது. ஒட்டிய இடங்களில் ஒரு டாக்டர் கம்பெனிக்குப் போன் செய்து, "என்ன ஸ்டிக்கர் இது, உங்கள் மெஷின் ஆபத்தானதா?" என்று கேட்க, மேலிடம் கொதித்தது. யாரைக் கேட்டு ஒட்டினாய் என்று மெமோ. ஆள்குறைப்பு வந்தபோது பட்டியலில் முதல் பெயர் ஜெயராஜ். விடுவிப்புக் கடிதத்தில், நிறுவன நடைமுறைக்கு வெளியே செயல்பட்டவர் என்று ஒரு வரியைச் சேர்த்தே கொடுத்தார்கள்.

ஆக, அந்தக் கேள்வி வரும். இவர் பக்கத்தை எடுத்து வைப்பார். எதிரே இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

மே மாதக் கடைசியில் குளோரியாவின் தம்பி டெரிக் மஸ்கட்டிலிருந்து போன் செய்தார். என் வீட்டுப் போனில்தான் பேசினார், அதனால் எனக்கும் தெரியும். அங்கே ஒரு ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர் வேலை தயார். மூன்று வருஷ ஒப்பந்தம். மாமா வருகிறாரா இல்லையா என்று சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். ஃபிட்டராகத் திரும்பிப் போவதில் ஜெயராஜுக்கு அவமானம் இல்லை. ஆனால் போனால் எழுதுகிற வேலை அதோடு முடிந்தது. முப்பத்தெட்டு வயதில் போய் நாற்பத்தொன்றில் திரும்புகிறவரை யாரும் டெக்னிக்கல் ரைட்டராக எடுக்கப்போவதில்லை. குளோரியா மூன்று வருஷம் இங்கே தனியாக இருக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை கோரமங்களாவில் ஒரு இன்டர்வியூ இருந்தது. அதுதான் கடைசி.

வியாழக்கிழமை சாயங்காலம் குளோரியா என்னைக் கீழே கூப்பிட்டார். "சார், நீங்க சொல்லுங்க இவருக்கு. நான் சொன்னா நடக்க ஆரம்பிச்சிடறாரு." அப்புறம் கணவர் பக்கம் திரும்பினார். "மனசாட்சி இருக்கட்டும், வேணாங்கல. அதை எதுக்கு இன்டர்வியூவுக்கு கூட்டிட்டு போறீங்க? ஒரு நாளைக்கு வீட்ல விட்டுட்டு போங்க. நான் பாத்துக்கறேன்."

நான் நியாயம் பேசினேன். பொய் சொல்லச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொல்லச் சொன்னேன். கட்டத்தை இடம் மாற்றியது வடிவமைத்தவர். அது உண்மை. 'அது பக்க வடிவமைப்பில் நேர்ந்த பிழை; தெரிந்தவுடன் சரிசெய்தேன்.' அவ்வளவுதான், இரண்டே வாக்கியம். நான் நாற்காலியில் கம்பெனிக்காரனாக உட்கார்ந்து கேட்டேன். அவர் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே அந்த இரண்டு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னார். மூன்று தரமும் தடுக்காமல் சொன்னார். குளோரியா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டார். "இப்படியே சொல்லிடுங்க, ஆண்டவரே" என்றார். அது யாரிடம் சொன்னது என்று தெரியவில்லை.

மறுநாள் என் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனேன். சிக்னலில் நின்றால் பின்னால் அவர் கால் ஆடுவது வண்டியையே ஆட்டியது. கண்ணாடிக் கட்டடம், ஆஸ்பத்திரிகளுக்கான பம்ப் செய்கிறார்கள். சலைன் பாட்டிலிலிருந்து மணிக்கு இத்தனை மில்லி என்று மருந்தை அளந்து ஏற்றுகிற பம்ப். வரவேற்பறையில் எட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் இயந்திரத்தோடு வந்த பழைய குறிப்பு ஒரு பக்கம் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் திருத்தித் தர வேண்டும் என்று தேர்வு. நான் சோபாவில் உட்கார்ந்து பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, கதவைத் திறந்துகொண்டு ஜெயராஜ் வெளியே வந்தார். பின்னாலேயே முப்பது வயதுப் பெண் ஒருவர். லாவண்யா என்று சட்டையில் அட்டை தொங்கியது.

"சாரி, கேண்டிடேட் மட்டும்தான் உள்ள இருக்கணும்," என்றார் அவர். பேச்சில் கோயம்புத்தூர் இருந்தது.

"மேடம், இவருக்கு ஒண்ணும் தெரியாது," என்று ஜெயராஜ் என்னைக் காட்டினார். "ஒண்ணுமே தெரியாது மேடம். எனக்கு இவரு வேணும்."

என்னைப் பற்றி இவ்வளவு நம்பிக்கையோடு யாரும் சிபாரிசு செய்ததில்லை. லாவண்யா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். நான் உள்ளே போனேன். மேஜை மேல் பம்ப், பக்கத்துக் கம்பியில் தண்ணீர் நிரப்பிய பாட்டில். மேஜைக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய ஹெர்பர்ட் என்பவர், அந்தப் பிரிவின் மேலதிகாரி. பழைய குறிப்பை என் கையில் கொடுத்துவிட்டு ஜெயராஜ் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். நான் படித்தபடி செய்தேன். மூன்று வரி ஒழுங்காகப் போயிற்று. நான்காவது வரி, குழாயைப் பள்ளத்தில் வைத்துக் கதவை மூடச் சொன்னது, மூடினேன். அதே வாக்கியம் இன்னும் முடியவில்லை. மூடுவதற்கு முன்னால் குழாயில் இருக்கும் கிளாம்ப் கவ்வியை இறுக்கியிருக்க வேண்டும் என்று கடைசியில் சொன்னது. அதற்குள் தண்ணீர் குழாயின் மறுமுனையிலிருந்து ஓடி வந்து என் பேன்ட்டை நனைத்துவிட்டது. ஜெயராஜின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தீங்களா மேடம், கை எந்த வரிசைல போகுதோ அந்த வரிசைல எழுதணும். மூடறதுக்கு முன்னாடின்னு மூடனப்புறம் சொன்னா எப்படி?"

நின்றபடியே மேஜையில் குனிந்து ஏழு வரி எழுதினார். எழுதியதை இரண்டாவது தரம் செய்தேன். தண்ணீர் சிந்தவில்லை. பம்ப் பச்சை விளக்கு காட்டி, பீப் என்றது. எனக்கு ஏதோ ஆபரேஷனையே செய்து முடித்த மாதிரி இருந்தது.

ஹெர்பர்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என்ன மேன் இது," என்றார். "காலைலர்ந்து பாக்கறேன். எல்லாரும் ஸ்ட்ரைட்டா கம்ப்யூட்டர்கிட்ட போய் உக்காந்துட்டாங்க. மெஷின தொட்டது நீ ஒருத்தன்தான்." லாவண்யாவைப் பார்த்தார், அவர் தலையசைத்தார். "திங்கக்கிழமை வந்துடுவியா?"

ஜெயராஜ் ஆங்கிலத்தில் என்னவோ சொல்ல வந்து, தடுக்கி, "வந்துடறேன் சார்" என்று தமிழில் முடித்தார். எனக்கு உடனே ஓடிப்போய் குளோரியாவின் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட வேண்டும்போல இருந்தது.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் ஹெர்பர்ட். "உன் பழைய கம்பெனிக்கு போன் பண்ணேன். என்னவோ ஸ்டிக்கர் கதை சொல்றாங்க. ஒரு ஆயாவுக்கு கை வெந்துச்சுன்னாங்க. நாம செய்றதும் ஆஸ்பத்திரி மெஷின் மேன். எம்.டி. கேப்பாரு. நான் ஒரு நோட் போடணும். என்னதான் ஆச்சு?"

நான் மனதுக்குள் அந்த இரண்டு வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தேன். ஜெயராஜ் பையைத் திறந்தார். குளோரியா அந்தப் பக்கத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தார். இவர் எப்போது திரும்ப எடுத்து வைத்தாரோ தெரியாது. அச்சுக்குப் போகுமுன் வந்த நாற்பத்தேழாம் பக்கத்தின் ஜெராக்ஸ். பக்கத்திலேயே நாற்பத்தெட்டு. இரண்டையும் மேஜையில் வைத்து, கலையாமல் இருக்க ஓரத்தில் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, லீவர் வரியையும் எச்சரிக்கைக் கட்டத்தையும் காட்டினார். முத்தம்மா என்று பெயரையும் சொன்னார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாங்கள் பழகிய முதல் வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொன்னார். தடுக்கவில்லை. அது பக்க வடிவமைப்பில் நேர்ந்த பிழை.

ஹெர்பர்ட் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் பார்த்தார். அவர் முகம் லேசாகிவிட்டது. "அவ்ளோதானா? நீ எழுதனது கரெக்ட்டாதான் இருக்கு. லேஅவுட் பண்ணவன் இடத்தை மாத்திட்டான். ஃபைன்." பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். "அப்படித்தான் எழுதப்போறேன். எழுதனவர் மேல தப்பில்ல, லேஅவுட் தப்பு. கரெக்ட்தானே மேன்?"

தலையாட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். மேஜைக்கு அடியில் நான் அவர் காலை மிதித்தேன். கால் ஆடவில்லை. ஹெர்பர்ட் தாளில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். லாவண்யாவும் நிமிர்ந்து பார்த்தார்.

அப்போதுதான் நான் கவனித்தேன். தாள் கலையாமல் இருக்க என்று ஜெயராஜ் அழுத்திப் பிடித்திருந்த இடம், நாற்பத்தேழாம் பக்கத்தின் வலது கீழ் மூலை. அவ்வளவு நேரமும் கட்டைவிரலை அங்கிருந்து எடுக்கவே இல்லை.

எடுத்தார். 'சரிபார்த்தேன், அச்சிடலாம்' என்ற முத்திரைக்குக் கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. தாளை ஹெர்பர்ட் பக்கம் திருப்பி, இன்னும் கொஞ்சம் அருகில் நகர்த்தி வைத்தார்.